பிள்ளை பெற்றவளுக்கு மனசு சரியில்லை என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மூத்தவன் பிறந்து 18-ம் நாள். துறையூர் பக்கம் அம்மா வீடு, உள்ளறை. காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, என் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஏழு பேர் பிள்ளை பார்க்க வந்தார்கள். மூக்கு யார் சாடை, காது யார் சாடை என்று பார்த்தார்கள், குழந்தையின் கையில் ரூபாய் நோட்டை வைத்தார்கள், பால் பத்துதா என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். நான் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. இவன் எனக்குப் பிறக்காமல் வேறு யாருக்காவது பிறந்திருந்தால் நன்றாக இருந்திருப்பானே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது ஒருத்தருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று ஒரு பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவர ஐந்து மாதம் ஆனது. அதிலிருந்து, எங்கள் சொந்தத்திலோ தெருவிலோ யாருக்குப் பிரசவம் ஆனாலும் போய்க் கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். அப்படிப் போகும் இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

பிரசவம் ஆனால் எல்லாப் பெண்களும்தான் அழுகிறார்கள். எது சாதாரணம், எது நோய்?

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள், பால் கட்ட ஆரம்பிக்கும் சமயத்தில், காரணமே இல்லாமல் அழுகை வரும், சின்னச் சொல்லுக்குப் பொசுக்கென்று கோபம் வரும், அடுத்த நிமிடம் சிரிப்பு வரும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வருகிறது. டாக்டர்கள் பேபி ப்ளூஸ் என்பார்கள். தூக்கமும் சாப்பாடும் கொஞ்சம் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

இரண்டு வாரம் தாண்டியும் நாளின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: குழந்தை தூங்கும்போது உன்னால் தூங்க முடிகிறதா? உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, குழந்தையும் தூங்குகிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறது, ஆனாலும் கண் மூட முடியவில்லை என்றால் அது வெறும் களைப்பு இல்லை. அப்புறம், பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, நான் நல்ல தாய் இல்லை என்ற நினைப்பு விடாமல் அரிப்பது, குழந்தையைப் பார்த்தால் யாரோ வீட்டுக் குழந்தை போல இருப்பது. எல்லாரும் அழவும் மாட்டார்கள். எங்கள் பக்கம் பல பெண்கள் மனசு சரியில்லை என்று சொல்வதே இல்லை. தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, முதுகு விட்டுப் போகுது என்றுதான் சொல்வார்கள். உடம்புக்குச் சொல்வதாக நினைத்து நாமும் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

அந்தக் காலத்தில் எட்டு, பத்துப் பெற்றார்கள். இதெல்லாம் அப்போது இருந்ததா?

இருந்தது. வேறு பெயரில் இருந்தது. பிரசவ சன்னி, காத்து கருப்பு பட்டது, பிள்ளை பெத்ததிலிருந்து ஒரு மாதிரி ஆயிட்டா. உங்கள் பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு சித்தியோ அத்தையோ கட்டாயம் நினைவுக்கு வருவார்.

இது பட்டணத்துப் பெண்களுக்கு வருகிற செல்ல நோய் என்றும் சொல்வார்கள். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பெண்களைக் கடைசி மூன்று மாதக் கர்ப்பத்திலும், பிரசவத்துக்கு அப்புறம் 6 முதல் 12 வாரத்திலும் பார்த்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். எதனால் ஆபத்து கூடுகிறது என்று அவர்கள் கண்டதைப் படித்தபோது, எங்கள் தெருவைப் பார்த்து எழுதியது போலவே எனக்கு இருந்தது: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் உரசல், கர்ப்ப காலத்தில் நடந்த கெட்ட சம்பவங்கள், கைவேலைக்கு உதவி இல்லாதது. இதில் எதுவும் அந்தப் பெண்ணின் மனபலம் சம்பந்தப்பட்டதில்லை, கவனித்தீர்களா. எல்லாமே அவளைச் சுற்றி இருப்பவை.

கர்ப்பமாக இருக்கும்போதே வருமா?

வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கு ஏதாவது மனநலப் பிரச்சினை இருக்கிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது இன்னும் அதிகம், பிரசவத்துக்குப் பிறகு ஐந்தில் ஒருவர் வரை போகிறது. வளைகாப்பில் வளையல் அடுக்கிய கையோடு சிரித்து போட்டோ எடுத்துக்கொண்ட பெண்தான், ராத்திரி முழுக்கக் குழந்தை அசைகிறதா என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டே விழித்திருப்பாள். ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருந்தால் இந்தப் பயம் இரண்டு மடங்காக இருக்கும். செக்கப்புக்குப் போகும்போது சுகர், பிரஷர் பற்றிச் சொல்வது போல இதையும் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் ஏதாவது இருக்கிறதா?

மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு ஏறி இறங்குவதும், ரத்தசோகையும் இதே போன்ற அசதியைக் கொண்டுவரும், அதனால் அந்த இரண்டையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மனசுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-ல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் பத்தே கேள்வி, போன ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும், ஐந்து நிமிடம்கூட ஆகாது. மொத்த மதிப்பெண் 30. பத்தோ பதின்மூன்றோ (எல்லை இடத்துக்கு இடம் மாறும்), அதற்கு மேலோ வந்தால் டாக்டர் தீர விசாரிப்பார். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதும் எப்படி இருந்தாலும், அதற்கு ஆமாம் என்று வந்தால் அன்றைக்கே பேச வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. குழந்தைக்கு 45-ம் நாள் தடுப்பூசி போட எல்லாரும் தவறாமல் போகிறோம். மறதிக்கு இடமில்லாத நாள் அது. குழந்தைக்கு எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து தருகிறார்கள். தூக்கிக்கொண்டு வந்தவளிடம் அந்தப் பத்துக் கேள்வியையும் அங்கேயே கேட்டுவிட்டால் எத்தனை பேர் தப்பிப்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், சிஸ்டர், எனக்கு இப்படி இருக்கு என்று.

குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, ஏதாவது செய்துவிடுவேனோ என்று எண்ணம் வருகிறது. எனக்குப் பைத்தியமா?

என்னிடம் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் வாசல் வரை வழியனுப்ப வந்து, செருப்பைப் போடும்போது கேட்பார்கள்.

எனக்கும் வந்தது. மாடிப்படி இறங்கும்போது குழந்தை கையிலிருந்து நழுவுகிற மாதிரி ஒரு படம் கண்ணுக்குள் ஓடும். அரிவாள்மனையைப் பார்த்தால் உடம்பு நடுங்கும், அதைத் துணி போட்டு மூடிப் பரணில் வைத்துவிடச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் குழந்தையைக் குளிப்பாட்டவே மறுத்துவிட்டேன். சோம்பேறி என்று பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இப்படி வேண்டாத எண்ணங்கள் தானாக வந்து மோதுவது புதுத் தாய்மார்களிடம் மிகவும் சாதாரணம், அப்பாக்களுக்கும் வரும். எண்ணம் வந்ததும் நீங்கள் பதறுகிறீர்கள், அருவருக்கிறீர்கள், அந்த இடத்தை விட்டே ஓடுகிறீர்கள் என்றால் அது செய்யும் ஆசை இல்லை, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்ற பதற்றம். இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்துதான் எல்லாரும் வாயைத் திறப்பதில்லை. நான் கடைசியில் டாக்டரிடம் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை, எத்தனை நாளாகத் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் நான் அழுதேன்.

ஆனால் அந்த எண்ணம் சரி என்றே தோன்றினாலோ, யாரோ செய்யச் சொல்வதாகக் கேட்டாலோ கதை வேறு. அடுத்த பதிலை உடனே படியுங்கள்.

எப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில், ஆயிரம் பிரசவத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு, திடீரென்று வேறு மாதிரி ஆகும். இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. பேச்சு ஓயாது, அல்லது ஒரேயடியாகப் பேச்சு நின்றுவிடும். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்பாள், இல்லாத குரல் கேட்கும். ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பாள், அடுத்த மணி நேரம் யாரென்றே தெரியாது. இதைத்தான் அந்தக் காலத்தில் சன்னி என்றார்கள், பேய் என்றார்கள்.

இது அவசர சிகிச்சை. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது மனநலப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனைக்கு, சென்னைக்காரர்கள் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு, நேராகப் போங்கள். அவளையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிற வழியில் போங்கள். இவ்வளவு பயங்கரமாக இருக்கிற இது, சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் நன்றாகக் குணமாகிவிடும்.

சேர்த்துவிட்டால் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிடுவார்களே என்று கேட்பார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவு, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து இருக்கும் என்று டாக்டர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கவே 2009-லிருந்து தனிப் பிரிவு இருக்கிறது.

செத்துப் போகலாம் போலிருக்கிறது என்று சொல்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால் எண்ணம் கூடிவிடாதா?

கேட்பதால் எண்ணம் அதிகமாகாது. நேரடியாகக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோணுதாம்மா, என்று அதே சொல்லில் கேளுங்கள். அப்படியெல்லாம் பேசாதே, பிள்ளை முகத்தைப் பார், என்று வாயை அடைத்தால் அவள் அடுத்த முறை சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். கேட்டுவிட்டு, பக்கத்திலேயே இருங்கள், ராத்திரியும் யாராவது கூடப் படுங்கள், வீட்டில் ஆபத்தானவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. முயற்சி நடந்துவிட்டது, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு. உயிர்தான் முதலில்.

மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலும் நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் பாலில் மிகக் கொஞ்சமே கலக்கின்றன, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு டாக்டர்கள் பல வருடமாக அவற்றை எழுதித் தருகிறார்கள். பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்தைப் பார்த்துத் தருவார். எல்லா மருந்தும் அப்படி இல்லை. வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரும் வால்ப்ரோயேட் போன்ற மருந்து எடுக்கிறவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரைப் பார்க்க வேண்டும், வயிற்றுக் குழந்தைக்குக் கெடுதல் செய்யும். அதற்காக நாள் தள்ளிப்போனதும் நீங்களாகவே பட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

மாத்திரை போட்ட மறுநாள் மனசு தெளிந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும், எனக்கு நான்காவது வாரம்தான் காலையில் காபி ருசித்தது, அதுதான் முதல் அடையாளம். ஆயுளுக்கும் இல்லை. நன்றாகிவிட்ட பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள், அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள்.

லேசாக இருப்பவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும். பேசினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் டாக்டர்களே இல்லாமல், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு வந்த கர்ப்பிணிகளிடம் முறையாகப் பேச வைத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அப்படிப் பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது, மற்றவர்களில் 53 பேருக்கு.

நான் அவளுடைய அம்மா. நான் மாமியார். வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

முதலில் தூங்க விடுங்கள். ராத்திரியில் தொடர்ந்து நான்கு, ஐந்து மணி நேரத் தூக்கம், யாரும் எழுப்பாமல். குழந்தைக்குப் பால் கொடுத்ததும் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள், ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நீங்களோ அவள் புருஷனோ பாருங்கள். தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டால் தூக்கம் கெடும், அந்தச் சுழலை வீட்டு ஆட்களால்தான் உடைக்க முடியும்.

நம் வழக்கத்தில் நல்லது நிறைய இருக்கிறது. தாய்வீட்டுக்கு அனுப்புவது, வேலை சொல்லாமல் உட்கார வைப்பது, வேது பிடித்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பூண்டும் பால்சுறாவும் சமைத்துப் போடுவது, இதெல்லாம் அவளைத் தாங்குவதற்கு வந்தவை. அவற்றை விடாதீர்கள். தண்ணீர் குடிக்காதே, இதைச் சாப்பிடாதே, பேசாதே, வெளியே வராதே என்று பத்தியத்தை ஜெயிலாக்குவதை மட்டும் விடுங்கள். சாயங்காலம் அரை மணி வாசல் திண்ணையில் உட்காரட்டும்.

பார்க்க வருகிறவர்களைக் குறையுங்கள். பால் பத்தலையா, சிசேரியனா, பொண்ணா என்று அவள் முன்னால் கேட்பவர்களை நீங்களே தடுத்து நிறுத்துங்கள், அவளால் முடியாது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்தான், 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது அது, இன்னமும் வலிக்காமல் பெத்தவ என்று சொல்கிறோம். வயிற்றைக் கிழித்துத் தையல் போட்ட பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படி மனசு வருகிறது.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து மாமியார் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். ஒரே நாளில் சுற்றி இருந்த கைகள் எல்லாம் போய்விடும், சமையலும் துணியும் அவள் தலையில் விழும். நான் உடைந்துபோனது அந்த ஐந்தாம் மாதம்தான். கொண்டுவந்து விடும்போது அம்மாவும் பத்து நாள் கூடவே இருந்துவிட்டுப் போனால் என்ன?

அப்பாக்களுக்கும் வருமா?

வரும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பத்தில் ஓர் அப்பாவுக்கு இருக்கிறது. அழமாட்டார்கள். எரிந்து விழுவார்கள், ராத்திரி லேட்டாக வருவார்கள், குடி கூடும், கடனைப் பற்றியே பேசுவார்கள். நம்மூரில் தலைப்பிரசவத்துக்கு மனைவி ஊருக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, மாப்பிள்ளை மரியாதையோடு கூடத்தில் உட்கார்ந்து, குழந்தையைப் பத்து நிமிடம் மடியில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் குழந்தைக்கும் ஒட்டுதல் வர வழியே இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியாரில் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது. மாமனார் வீட்டில் கூச்சப்படாமல் உள்ளே போய் உட்காருங்கள், துணி மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். 14416 உங்களுக்கும் உண்டு.

குழந்தை தங்கவில்லை. அவளிடம் என்ன பேசுவது?

அடுத்தது பிறக்கும் என்று சொல்லாதீர்கள். அழாதே என்றும் சொல்லாதீர்கள். குழந்தை இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் பால் கட்டும், அதை முன்கூட்டியே டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு வைக்காமல் விட்டுவிடுகிறோம், அந்த நேரத்தில் அவள் படும் பாடு சொல்லி முடியாது. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கரு கலைந்தால் சட்டப்படி ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஒரு முறை வந்துவிட்டது. அடுத்த குழந்தைக்கும் வருமா?

மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்தான், கட்டாயம் வரும் என்று இல்லை. இரண்டாவது கர்ப்பம் உறுதியானதும் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போய் மகப்பேறு டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் காட்டினேன். ஏழாம் மாதத்தில் ஒரு காகிதத்தில் யார் எந்த வேலை என்று எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினோம். ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை குழந்தை கணவரிடம், இரண்டு மணிக்குப் பால் கொடுத்ததும் அம்மாவிடம். எனக்குச் சிரிப்பு நின்றால், சாப்பாடு வேண்டாம் என்றால், தூக்கம் வராவிட்டால் யாருக்கு போன் செய்வது என்று நாத்தனார் பெயரையும் நம்பரையும் கீழே எழுதியிருந்தோம். மகள் பிறந்து மூன்றாம் நாள் அழுதேன், பத்தாம் நாள் அழுகை நின்றது. 18-ம் நாள் நாத்தனார் வந்தாள், தொட்டிலுக்குப் போகாமல் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணி, ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்டாள்.